இரண்டாம் பேஸில் கழற்றிய தொப்பி

பியோன் தேஷிக் மட்டையைப் பிடித்து நிற்பதைப் பார்த்து பந்து போடும் எந்தப் பிட்சரும் பயந்ததில்லை. அடிப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு மேலே தள்ளிப் பிடிப்பான். அப்படிப் பிடித்தால் பந்து தூரம் போகாது. ஆனால் மட்டையில் படாமலும் போகாது. மாசான் பேஸ்பால் மைதானத்தில் மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்து காய்ந்த கணவாயைக் கிழித்துக்கொண்டு சோஜு குடிக்கிற துறைமுகத்து ஆட்கள், "ஏய் பியோன், அது பேட்டா, சோத்துக் குச்சியா?" என்று கேட்காத நாள் கிடையாது. அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். பந்து வரும், தொடுவான், அது ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உருண்டு போகும். எதிரணிக்காரன் ஓடிப்போய் எடுப்பதற்குள் இவன் ஓடிச் சேர வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவதைத் தாண்டியிருப்பான். குச்சியை வைத்துத்தானே இந்த நாட்டில் அத்தனை பேரும் வயிறு நிரப்புகிறோம், அதில் என்ன கேவலம் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ஆள் குட்டை. ஓட்டத்தில் கெட்டிக்காரன். மாசான் நாரைகள் அணி அவனை எடுத்ததே கடைசி ஆளாக, எண்ணிக்கைக்காக. இரண்டாம் பேஸில் நின்றவனுக்கு ஒருநாள் விரல் உடைந்தது. அன்றைக்கு அந்த இடத்தில் போய் நின்றவன்தான், பத்து வருஷம் அசையவில்லை. ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும், 'அடுத்த வருஷம் அந்த இடத்துக்கு வேறு ஆள் வருகிறான்' என்று யாராவது காதில் போடுவார்கள். வந்தவனெல்லாம் வசந்தகாலப் பயிற்சி முடிவதற்குள் பெட்டியைக் கட்டினான். தேஷிக் மட்டும் பேன்ட் முழுக்கப் புழுதியோடு அங்கேயே நின்றான்.

அவன் வேலை இரண்டாவதாக மட்டை பிடிப்பது. அதைப் போலப் பாவப்பட்ட வேலை பேஸ்பாலில் இல்லை. முதல் ஆள் எப்படியோ பேஸுக்குப் போய் நிற்பான். தேஷிக் பந்தைச் சும்மா தட்டிக் காலடியில் விழ வைத்து, தான் அவுட்டாகி, அவனை அடுத்த பேஸுக்கு நகர்த்துவான். மூன்றாவது ஆள் வந்து ஓங்கி அடிப்பான். மறுநாள் பேப்பரில் அவன் படம் வரும். பாடுபட்டவன் ஒருவன், பேர் வாங்கியவன் ஒருவன். அவன் மகள் பொரா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒருநாள் கேட்டாள்: "அப்பா, நீ ஏன் எப்பவும் அவுட்டாகறே?" தேஷிக் யோசித்தான். "அதுதாம்மா அப்பா வேலை" என்றான். பொரா அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

வூ சாங்மோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை. இரண்டு பேரும் மாசானில் ஒரே பள்ளி. சாங்மோ இரண்டு வருஷம் மூத்தவர். நம் ஊர் பேஸ்பால் பள்ளிகளில் மூத்தவர்களின் அழுக்குத் துணியைத் துவைப்பது இளையவர்களின் பாடம். கணக்குப் பாடத்துக்குத் தப்பினாலும் அதற்குத் தப்ப முடியாது. தேஷிக் பங்குக்கு வந்தது சாங்மோவின் பேன்ட். ஜமுக்காளம் அளவு இருக்கும். மற்ற அண்ணன்மார்கள் துவைத்தது சரியில்லை என்று பேட்டால் பின்புறத்தில் போடுவார்கள். சாங்மோ அடித்ததே இல்லை. அதற்குப் பதிலாக தேஷிக்கின் டிபன் பெட்டியைத் திறந்து அவித்த முட்டையை எடுத்துத் தின்றுவிடுவார். தேஷிக்கின் அம்மா கொஞ்சநாள் கழித்து இரண்டு முட்டை வைக்க ஆரம்பித்தாள். அவர் இரண்டையும் தின்றார்.

பிறகு சாங்மோ சோங்ஜு காளைகள் அணிக்குப் போனார், முதல் பேஸில் நின்றார், அடித்த பந்துகளெல்லாம் சுவரைத் தாண்டின. ஆனால் ஓட்டம் வராது. அவர் ஓடுவது பீரோவை நகர்த்துவது மாதிரி இருக்கும். எப்போதாவது இரண்டாம் பேஸ் வரைக்கும் வந்து சேர்ந்தால், முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிவிட்டு, பக்கத்தில் நிற்கும் தேஷிக்கிடம் கேட்பார்.

"என்னடா தேஷிக், இன்னைக்கு வீட்ல என்ன குழம்பு?"

"அகுவி மீனுண்ணே. பயறு முளை போட்டு."

"காரமா?"

"காரந்தான். அண்ணே, பேஸை விட்டுத் தள்ளி நிக்காதீங்க, அவுட்டாக்கிடுவாங்க."

"எங்கடா ஓடப் போறேன்? வந்ததுக்கே நாக்குத் தள்ளுது."

ஆயிரக்கணக்கான பேர் கத்திக்கொண்டிருக்கும்போது நடுமைதானத்தில் இரண்டு பேர் மீன்குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். வருஷத்துக்கு நாலைந்து தடவை நடக்கும். தேஷிக் அதற்காகக் காத்திருப்பான் என்று அவன் மனைவி குமோக் சொல்வாள்.

சியோலில் ஒலிம்பிக் முடிந்த மூன்றாம் வருஷம். அந்த வருஷம் நாரைகள் அணி கோடை பாதிக்கு வருவதற்குள்ளேயே கடைசி இடத்தில் போய்ப் படுத்துவிட்டது. எந்த ஆட்டத்திலும் ஆரம்பத்திலேயே ஏழெட்டு ரன் பின்தங்கிவிடுவார்கள். அந்த நிலைமையில் ஒருவன் அவுட்டாகி இன்னொருவனை ஒரு பேஸ் நகர்த்துவதில் என்ன லாபம்? "அடிச்சுத் தொலைடா" என்று மேனேஜர் நம்குங் விட்டுவிட்டார். தேஷிக் அடித்தான். அடித்ததெல்லாம் புல்லில் விழுந்தது. நின்றிருப்பவன் கைக்குப் போக வேண்டிய பந்துகூடக் கல்லில் பட்டு விலகிப் போனது. பத்து வருஷமாக அவுட்டாகிக் கொடுத்ததற்கெல்லாம் சேர்த்து எவனோ திருப்பித் தருகிறான் என்றுதான் சொல்ல வேண்டும். இலையுதிர்காலம் வந்தபோது அடிக்கும் சராசரியில் நாட்டிலேயே முதல் ஆள் பியோன் தேஷிக். ஒரு மயிரிழை பின்னால், இரண்டாவது ஆள், சாங்மோ.

சராசரியில் முதலாவதாக வருஷத்தை முடிப்பவனுக்கு 'மட்டை ராஜா' என்று பட்டம். சாங்மோவுக்கு அது கிடைத்ததே இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டது, இந்த வருஷத்தோடு விலகுகிறேன் என்று அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். மிச்சமிருந்தது இரண்டே ஆட்டம். இரண்டும் மாசானில், நாரைகளுக்கும் காளைகளுக்கும்.

தேஷிக்குக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். கொள்ளை ஆசை. ஆனால் அவன் ஆசைப்பட்டது ஒரு விதமாக: கணவாய் தின்கிற அந்தத் துறைமுகத்து ஆட்களின் கண்ணெதிரில், இரண்டு ஆட்டமும் ஆடி, சாங்மோ அண்ணனும் அடிக்க, இவனும் அடிக்க, யார் முந்துகிறாரோ அவர் ராஜா. தோற்றாலும் சாங்மோவிடம் தோற்பதில் அவனுக்கு வெட்கமில்லை.

நம்மூரில் ஆனால் ஒரு வழக்கம் உண்டு. வருஷக் கடைசியில் முந்தி நிற்பவனை மேனேஜர் ஆட விடமாட்டார். ஆடாதவனுக்குச் சராசரி குறையாது அல்லவா? போட்டிக்கு நிற்பவன் எதிரணியில் இருந்தால் இன்னும் வசதி. அவன் மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் பிட்சர் வேண்டுமென்றே எட்டாத தூரத்தில் நான்கு பந்து போடுவான். நான்கு போட்டால் அவன் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போக வேண்டியதுதான். அது அவன் கணக்கில் ஏறாது, இறங்காது. எல்லா அணியும் செய்வதுதான். பேப்பர்காரர்கள் இரண்டு நாள் திட்டுவார்கள். பிறகு குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் வேலை வந்துவிடும், ஊர் மறந்துவிடும்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மேனேஜர் நம்குங் அவனைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் "உக்காரு" என்றார். தேஷிக் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நாளைக்கும் நாளன்னைக்கும் இதே மாதிரி உக்காரு" என்றார்.

தேஷிக்குக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும், தான் ஆடுவதாகவும், அடித்தே ஜெயிப்பதாகவும் மெல்லச் சொன்னான்.

"அடிக்கலேன்னா?"

நம்குங் அடுத்த விரலுக்குப் போனார்.

"கடைசி எடத்துல கெடக்கற டீமு இது. மொதலாளி முன்னால வெறுங்கையோட போய் நிக்க முடியாது. எதையாவது கொண்டுபோய்க் காட்டணும். அது நீதான்." நகவெட்டியை மூடினார். "ராஜாவை யாராவது வெயில்ல நிறுத்துவாங்களா? போ."

வீட்டுக்கு வந்து குமோக்கிடம் சொன்னான். அவள் ஞாயம் பேசுவாள், போய்ச் சண்டை போடு என்பாள் என்று உள்ளூர ஒரு எதிர்பார்ப்பு. அவள் அவன் பேன்ட்டின் முழங்கால் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தவில்லை.

"உக்காருங்க பொரா அப்பா" என்றாள். "பத்து வருஷம் கண்டவனுக்காகவெல்லாம் அவுட்டானீங்க. ஒருதடவை உங்களுக்காகச் சும்மா உக்காந்தா குடி முழுகிடாது."

மேனேஜர் சொன்னது ஒரு பக்கம், மனைவி சொன்னது ஒரு பக்கம், இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தது. அவள் சொன்னதில் அன்பு இருந்தது என்பதுதான் இன்னும் கஷ்டம். திட்டுகிறவனை எதிர்க்கலாம், பரிந்து பேசுகிறவளை என்ன செய்வது?

முதல் நாள் சாங்மோ மட்டையோடு வந்து நின்றார். மட்டைக்குப் பின்னால் குந்தியிருந்த கேட்சர் எழுந்து நின்று, கையை ஒருபக்கமாக நீட்டினான். பிட்சர் அங்கே போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சாங்மோ மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தார். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும் அப்படியே. மாசான்காரர்கள் முதலில் சிரித்தார்கள். "அண்ணே, நல்லா நடங்க, வயித்துக்கு நல்லது" என்று ஒருவன் கத்தினான். ஆட்டம் முடிவதற்குள் அவனுக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

தேஷிக் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். மேலே பார்க்கவில்லை. ஷூவில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஓடாத ஷூவில் மண் எங்கிருந்து வரும்? பழைய மண்தான்.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். ஒருதடவை காளைகள் அணியினர் மூன்று பேஸிலும் நிறைந்து நின்றபோது சாங்மோ வந்தார். அவரைச் சும்மா அனுப்பினால் மூன்றாம் பேஸில் நிற்பவன் கடைசி பேஸுக்கு வந்து ஒரு ரன் கிடைத்துவிடும். கிடைத்தால் கிடைக்கட்டும் என்று அனுப்பினார்கள். அப்போதுதான் மாசான் ஆட்களுக்கே ரோஷம் வந்தது. சொந்த அணியைப் பார்த்தே கத்தினார்கள். ஒரு சோஜு பாட்டில் வந்து புல்லில் விழுந்தது. "போடுடா, ஆம்பளையா இருந்தா ஒரு பந்து போடுடா" என்று யாரோ ஒரு கிழவர் அழாத குறையாகக் கேட்டார்.

தேஷிக் எழுந்தான். வாழ்நாளில் மேனேஜரிடம் தானாகப் போய் நின்றது அன்று ஒருநாள்தான். "சாங்மோ அண்ணனுக்கு ஒரே ஒரு பந்து போடச் சொல்லுங்கய்யா" என்றான். நம்குங் அவனைப் பார்த்தார். கோபிக்கவில்லை. அப்படி ஒரு பேச்சைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "ஜனங்க ராஜாவைப் பார்க்கணுங்கறாங்க. கடைசி இன்னிங்ஸ்ல போய் நில்லு" என்றார்.

நாரைகள் அன்று அதிசயமாக முன்னிலையில் இருந்தார்கள். காளைகளில் மூன்று பேர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது; தேஷிக் மட்டை பிடிக்க வேண்டியதில்லை, பட்டத்துக்கும் பங்கமில்லை. நம்குங் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். தேஷிக் போய்த் தன் இரண்டாம் பேஸில் நின்றான். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் பாதி வேறு எதற்கோ என்று அவனுக்குப் பட்டது.

இரண்டு பேர் அவுட். அப்போது சாங்மோ வந்தார். பத்து வருஷத்தில் கடைசித் தடவை. கேட்சர் எழுந்து நின்றான். நான்கு பந்து. சாங்மோ மட்டையைக் கீழே போடவில்லை. இந்தத் தடவை குனிந்து, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தார். நடந்தார். முதல் பேஸில் அவருக்குப் பதிலாக ஓட ஓர் இளைஞனை அனுப்பினார்கள். அவர் கையை ஆட்டி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்தவன் மட்டை பிடித்தான். பிட்சர் கையைத் தூக்கினான். சாங்மோ ஓட ஆரம்பித்தார்.

யாராலும் நம்ப முடியவில்லை. பந்து வீசப்படும் நேரத்தில் அடுத்த பேஸுக்குப் பாய்ந்து போவது தேஷிக் மாதிரி ஆட்கள் செய்கிற காரியம். முழங்கால் செத்த மனிதர், வாழ்நாளில் அப்படி ஓடியிராதவர், தலையைக் குனிந்துகொண்டு, வாயைத் திறந்துகொண்டு, இரண்டாம் பேஸைப் பார்த்து வருகிறார். கேட்சர் சின்னப் பையன். யோசிக்கத் தெரியாது. பழக்கத்தில் பந்தை இரண்டாம் பேஸுக்கு எறிந்துவிட்டான். தேஷிக்கும் பழக்கத்தில் பேஸை மறித்து நின்று கையுறையை நீட்டிவிட்டான். பந்து வந்து உட்கார்ந்தபோது சாங்மோ இன்னும் பாதி வழியில் இருந்தார்; அந்தப் பந்தோடு தொட்டாலே அவர் அவுட்.

அவர் நிற்கவில்லை. திரும்பவும் இல்லை. வந்துகொண்டே இருந்தார்.

தேஷிக் நினைத்தான்: கீழே போட்டுவிடலாம். கை தவறிவிட்டது என்று சொல்லலாம். போட்டால் அவர் பிழைத்தார். ஆனால் தான் வேண்டுமென்றே போட்டது அவருக்குத் தெரியும், அதைவிட அவமானம் வேறில்லை. போடாவிட்டால் அவருடைய கடைசி ஆட்டத்தை முடிப்பது தன் கை. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அதுதான். இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். அவன் நினைத்து முடிப்பதற்குள் சாங்மோ வந்துவிட்டார், கை போய் அவர் மார்பைத் தொட்டுவிட்டது. பத்து வருஷம் பழகிய கை யாரைக் கேட்டுக்கொண்டு செய்யும்? நடுவர் கட்டைவிரலை உயர்த்தினார். ஆட்டம் முடிந்தது.

சாங்மோ முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார். ஏதோ சொல்லத் தலையைத் தூக்கினார். அதற்குள் தேஷிக் தொப்பியைக் கழற்றி, இடுப்பு வரை வளைந்து, தரையைப் பார்த்துக் குனிந்துவிட்டான். இளைய பிட்சர் போட்ட பந்து மூத்தவர் உடம்பில் பட்டால் நம்மூரில் தொப்பியைக் கழற்றிக் குனிவான். அது மரியாதை, எல்லா மைதானத்திலும் நடப்பது. ஆனால் ஒருவரை அவுட்டாக்கியதற்காக எவனும் குனிந்ததில்லை. அவன் உடனே நிமிரவும் இல்லை. நிமிர்ந்தபோது சாங்மோவைச் சுற்றி அவர் அணிக்காரர்கள் கூடிவிட்டார்கள், நடுவில் போட்டோக்காரர்கள்.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அந்தப் படம். பெரிய மனிதர் மூச்சு வாங்குகிறார், சின்ன மனிதன் அவர் காலைப் பார்த்துக் குனிந்திருக்கிறான். ஒரு பேப்பர் கீழே போட்டது: 'திருடியவரே மன்னிப்புக் கேட்டார்.'

நம்குங் மேனேஜர் ஆட்டம் முடிந்த அன்றே உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். சத்தமே போடவில்லை. "நான் உனக்கு ராஜா பட்டம் வாங்கிக் குடுத்தேன். நீ எனக்குத் திருடன் பட்டம் வாங்கிக் குடுத்துட்டே." மற்றவர்கள் பைகளைக் கட்டினார்கள். இரண்டு நாளும் எட்டாத தூரத்தில் பந்து போட்ட பிட்சர் மட்டும் தேஷிக்கை முறைத்துக்கொண்டே சாக்ஸைக் கழற்றினான். அவனையும் சேர்த்துத்தானே ஊர் திட்டப் போகிறது.

பரிசு வாங்க சியோலுக்குப் போனான். குமோக் புதுக் கோட்டு தைத்துக் கொடுத்திருந்தாள். மேடையில் கோப்பையைக் கொடுத்தவர், "குனிஞ்சு வாங்கிக்க மாட்டீங்களே?" என்று தமாஷ் பண்ணினார். கூடம் சிரித்தது. தேஷிக் பரிசு வாங்கும்போது எல்லோரும் குனிகிற அளவுகூடக் குனியாமல், விறைத்துக்கொண்டு நின்று வாங்கினான். அதற்கும், "பட்டம் வந்ததும் திமிர் வந்துவிட்டது" என்று எழுதினார்கள்.

அடுத்த வருஷம்தான் உண்மையான தண்டனை. முதல் வெளியூர் ஆட்டம் சோங்ஜுவில். தேஷிக் மட்டையோடு போய் நின்றான். பார்வையாளர்களில் ஒரு பக்கம் முழுவதும் எழுந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் தொப்பியைக் கழற்றி அவனைப் பார்த்துக் குனிந்தார்கள். "ராஜா, மன்னிச்சுக்குங்க!" பிட்சருக்கே சிரிப்பு வந்து பந்தைக் கீழே போட்டான். தேஷிக் அன்றைக்கு ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. சோங்ஜுவோடு நின்றதா? தேகு, குவாங்ஜு, இஞ்சோன், போன இடமெல்லாம் அதேதான். பிடித்துப்போய்விட்டது ஜனங்களுக்கு. அப்பாக்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் குனிய வைத்தார்கள். யாரையென்று போய் அடிப்பான்? கோபத்தோடு குனிகிறவன் ஒருவனும் இல்லை. எல்லோரும் சந்தோஷமாகக் குனிந்தார்கள்.

அவன் ஒரு காரியம் செய்தான். மட்டையில் எப்போதும் விடுகிற அந்த இரண்டு விரல் இடம் இல்லாமல் கடைசிவரை இறக்கிப் பிடித்தான். சுவரைத் தாண்டி அடித்துவிட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது என்று கணக்கு. கை கொள்ளாத மட்டை, அவனைச் சுற்றிவிட்டுப் போனது. பந்து சுவரைத் தாண்டவும் இல்லை, முன்பு போலப் புல்லில் விழவும் இல்லை. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஆயிற்று. குமோக் ஒருநாள், "பழையபடி பிடிங்களேன்" என்றாள். பழையபடி பிடித்துப் பார்த்தான். கை மறந்துவிட்டிருந்தது.

கோடைக்குள் பெஞ்சுக்குப் போனான். பிறகு மற்றவர்களுக்குப் பதிலாக ஓடுகிற வேலை கொடுத்தார்கள். அதற்கடுத்த வருஷம் அதுவும் இல்லை. அணியிலிருந்து அனுப்பும்போது மேனேஜர் வரவில்லை. ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்து பூங்கொத்து கொடுத்தாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் நாணயம் போட்டால் இயந்திரம் பந்து வீசுகிற கூண்டு ஒன்று உண்டு. வேலை முடிந்து வருகிறவர்கள் கழுத்து டையைத் தோளில் தள்ளிக்கொண்டு நாலு அடி அடித்துவிட்டுப் போவார்கள். அங்கே பந்து பொறுக்கிப் போடுகிற வேலைக்குச் சேர்ந்தான். இயந்திரம் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை என்பது அதில் ஒரு நிம்மதி.

சாங்மோ இதற்குள் மாசானுக்கே திரும்பி வந்து, அகுவி மீன் கடைகள் இருக்கிற சந்தில் ஒரு கடை போட்டிருந்தார். தேஷிக் அந்தச் சந்தை மிதிப்பதில்லை. மார்க்கெட்டுக்குப் போவதென்றால்கூட மீன் ஏலக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போவான். அப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. ஒருநாள் மத்தியானம் குமோக், "வாங்க, மீன் சாப்பிட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். எந்தக் கடை என்று அவன் கேட்கவில்லை. வாசலில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. திரும்பலாம் என்று பார்த்தால் அவள் அவன் சட்டையைப் பிடித்திருந்தாள்.

சாங்மோ உள்ளே இருந்தார். இன்னும் பெருத்திருந்தார். மேஜையைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்க முடிந்தது. தேஷிக்கைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை. "என்னடா, வழி தெரிய இத்தனை வருஷமா?" என்றார். தட்டு நிறைய மீன்குழம்பைக் குமோக் பக்கமும், இரண்டு அவித்த முட்டையைத் தேஷிக் பக்கமும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒரு முட்டையைத் தானே எடுத்துக்கொண்டார்.

தேஷிக் குச்சியைத் தொடவில்லை. மனதில் அத்தனை வருஷம் கிடந்ததைக் கேட்டான்.

"அன்னைக்கு ஏண்ணே ஓடி வந்தீங்க?"

"பின்னே? ரெண்டு நாளா நடக்க வெச்சானுங்க. ஒருதடவை ஓடிப் பார்க்கலாமேன்னுதான்." முட்டையை உடைத்தார். "அப்புறம் உன்கிட்ட பேசணும்னா ரெண்டாம் பேஸுக்கு வந்துதானே ஆகணும்."

"என்ன பேச?"

"என்ன பேசுவேன்? ராஜா ஆயிட்டியேடா, இன்னைக்கு வீட்ல என்ன குழம்புன்னு கேக்கத்தான் வந்தேன். கேக்கறதுக்குள்ள குனிஞ்சுட்டே."

தேஷிக் தலையைத் தாழ்த்திக்கொண்டான். தப்பு நடந்துவிட்டது என்று தோன்றியதாகவும், வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை என்றும் சொன்னான்.

"தப்புதான். யாரு இல்லேன்னா? வருஷா வருஷம் நடக்கற தப்பு. அதுக்கு முந்தின வருஷம் ராஜா யாரு, எப்படி ஆனான்னு இங்க சாப்பிடறவங்களைக் கேளு, ஒருத்தனுக்கும் தெரியாது. நீ குனிஞ்சே, உன்னுது மட்டும் திருட்டாயிடுச்சு." முட்டையில் பாதியை வாயில் போட்டார். "எனக்கும் எதையும் மிச்சம் வெக்கலடா, அந்தப் படம். எத்தனை பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பியிருக்கேன்? ஒருத்தன் கேக்கணுமே. 'அந்தப் படத்துல மூச்சு வாங்கறவர் நீங்கதானே'ங்கறான்."

குமோக் மீனை அளைந்துகொண்டிருந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. உட்காருங்க என்று அன்றைக்குச் சொன்னவள் அவள்தானே.

"அப்போ நான் என்னண்ணே பண்ணியிருக்கணும்?" என்றான் தேஷிக்.

சாங்மோ மீன் தலையைப் புரட்டிப் போட்டார். "தெரியலடா" என்றார். "நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன்."

அப்போதுதான் பக்கத்து மேஜையில் இருந்த ஒரு ஆள், கொஞ்சம் குடித்திருந்தான், இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவன், இருவரையும் அடையாளம் கண்டுகொண்டான். முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. கூட வந்தவனை முழங்கையால் இடித்துக் காட்டினான். எழுந்தான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, தேஷிக்கைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தான்.

சாங்மோ மேஜையை உந்தி எழுந்திருக்கப் பார்த்தார். "யோவ், உன்னை" என்று ஆரம்பித்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவர் எழுவதற்குள் தேஷிக் எழுந்துவிட்டிருந்தான். அவனுக்குக் கோபம் வந்துதான் எழுந்தானோ என்னவோ. எழுந்தது வரைக்கும்தான் அவன் கையில் இருந்தது. முதுகு தானாக வளைந்தது. கை தலைக்குப் போய், இல்லாத தொப்பியைத் தேடியது. அந்தக் குடிகாரனைவிடத் தாழக் குனிந்து, நிமிராமல் அப்படியே நின்றான்.

குடிகாரனின் சிரிப்பு நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் இன்னொரு தடவை குனிந்தான்.

"உக்காருடா தேஷிக்" என்றார் சாங்மோ. "உக்காரு. குழம்பு ஆறுது."